அலமாரியும் வாடகை வண்டியும்



ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' புதினத்தைப் படித்தவரிடம், எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சிலர் அலமாரியைச் சொல்வர். சிலர் வாடகை வண்டியைச் சொல்வர். இவ்விரு விடைகளுக்கும் இடையில்தான் இந்நூலைப் பற்றிய வழக்கு இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது.

அலமாரியை முதலில் பார்ப்போம். பதினேழு வயதுக் கேதரீன், ஆன் ராட்கிளிஃப் 1794இல் வெளியிட்ட 'யுடால்ஃபோவின் மர்மங்கள்' போன்ற கோத்திக் புதினங்களில் தோய்ந்தவள். பாழடைந்த கோட்டை, இருள்வழி, சிறைப்பட்ட மங்கை, கொடிய பிரபு என்று அக்கதைகளுக்கென்றே ஓர் உலகம் உண்டு. முன்னாளில் துறவியர் மடமாயிருந்த டில்னி குடும்பத்து மாளிகைக்கு விருந்தாளியாக வரும் கேதரீன், புயல் வீசும் இரவில் ஒரு கறுப்பு அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே ஒரு காகிதச் சுருள்! விளக்கு அணைந்துவிடுகிறது. உறக்கமின்றிக் கழித்த இரவுக்குப் பின் வெளிச்சத்தில் பார்த்தால், அது சலவைக் கணக்கு. நாமும் சிரிக்கிறோம்.

அடுத்து, அம்மாளிகைத் தலைவர் ஜெனரல் டில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பார் அல்லது அடைத்து வைத்திருப்பார் என்று எண்ணத் துணிகிறாள். அவருடைய மகன் ஹென்றி அதைக் கண்டுபிடித்துக் கடிந்துகொள்கிறான். நாம் ஆங்கிலேயர், நம் சட்டமும் கல்வியும் இத்தகைய கொடுமையை அனுமதிக்குமா என்பது அவன் வாதம். கேதரீன் கண்ணீரோடு ஓடுகிறாள். அலமாரி வாசகருக்குப் புதினம் இங்கேயே முடிந்துவிடுகிறது. மேரிலின் பட்லர் 1975இல் எழுதிய நூலும் ஏறத்தாழ இந்தப் பக்கமே நிற்கிறது.

ஆயினும் கடிந்துகொள்வதற்குச் சற்று முன்பு ஹென்றி சொன்னதை நான் விட்டுவிட விரும்பவில்லை. தந்தை தாயை நேசித்தார், தம்மால் இயன்ற அளவுக்கு என்கிறான். அவள் பல வேளைகளில் மிகுதியாகப் பொறுக்க வேண்டியிருந்திருக்கும் என்றும் ஒப்புக்கொள்கிறான். அந்த 'இயன்ற அளவுக்கு' என்பதில் ஒரு பெண்ணின் முழு இல்லறமும் அடங்கிக் கிடக்கிறது. திருமணத்தின்போது அவளுக்குத் தந்தை இருபதாயிரம் பவுன் கொடுத்தார் என்பதும் கதையில் ஓரிடத்தில் ஊர்ப்பேச்சாக வந்து போகிறது.

இனி வண்டிக்கு வருவோம். கேதரீன் பெருஞ்செல்வத்துக்கு உரியவள் என்று ஒரு வீண்பேச்சுக்காரன் சொன்னதை நம்பி உபசரித்த ஜெனரல், அவன் அதையே மறுத்துச் சொன்னதும் அவளை விரட்டிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. எழுபது மைல் பயணம். துணைக்கு ஒரு பணியாள்கூட இல்லை. ஹென்றியின் தங்கை எலினார் பணம் கொடுத்திராவிட்டால் வழிச்செலவுக்கும் கதியில்லை. ஏறத்தாழ பதினொரு மணி நேரம் அவள் தனியே பயணம் செய்கிறாள். இங்கே பேயும் இல்லை, இருள்வழியும் இல்லை, பட்டப்பகல்.

1817 டிசம்பரில், ஆஸ்டின் மறைந்து ஐந்து மாதங்களுக்குப் பின், இந்நூல் வெளிவந்தது. (1803இலேயே பத்துப் பவுனுக்கு வாங்கிய பதிப்பாளர் அதை அச்சிடாமலே வைத்திருந்தார், ஆசிரியை பெற்ற கூலியும், பின்னர்க் கைப்படியை மீட்கக் கொடுத்த தொகையும் ஒன்றே.) முதல் வாசகர்கள் சொன்ன குறை வியப்பானது. 1818இல் 'பிரிட்டிஷ் கிரிட்டிக்' இதழ் ஜெனரலை நம்பத்தக்க பாத்திரமாக ஏற்கவில்லை. புகழ்பெற்ற புதின ஆசிரியை மரியா எட்ஜ்வர்த், ஒரு பெண்ணைத் துணையின்றி அனுப்பும் அச்செயல் இயற்கைக்கே மாறானது என்றார். நம் நாட்டில் இப்படி நடக்குமா என்ற ஹென்றியின் கேள்வியைத்தான் அவர்கள் தம் வாயால் மறுபடி கேட்டார்கள். புதினத்துக்குள் தோற்றுப்போன வாதம் புதினத்துக்கு வெளியே மதிப்புரையாக வந்து அமர்ந்துகொண்டது!

கேலியைப் புரிந்துகொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. இசபெல்லா என்னும் தோழி ஏழு திகில் புதினங்களின் பெயர்களை அடுக்குகிறாள். அவை ஆஸ்டின் புனைந்த பெயர்கள் என்றே நெடுங்காலம் பலர் நினைத்தனர். அவ்வேழும் உண்மையில் அச்சில் வந்த நூல்கள் என்பதை மைக்கேல் சாட்லியர் 1927இல் எழுதிய சிறுநூல் விளக்கிற்று. ஆகவே ஆஸ்டின் அறியாததை எள்ளவில்லை. படித்துச் சுவைத்ததை எள்ளினார். ஐந்தாம் அத்தியாயத்தில் கதையை நிறுத்திவிட்டுப் புதினம் என்னும் வகைக்காகவே வாதாடுகிறார். ஹென்றியும் யுடால்ஃபோவை மயிர்க்கூச்செறிய இரண்டே நாளில் படித்து முடித்தவன்தான். இந்நூலைக் கையில் தடியாக எடுத்துக்கொண்டு கதை படிப்போரை அடிக்க வருபவர்கள் அந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்து வந்தவர்கள்.

சாண்ட்ரா கில்பர்ட், சூசன் குபார் 1979இலும், கிளாடியா ஜான்சன் 1988இலும் வண்டியின் பக்கம் நின்று எழுதினர். இல்லத்துக்குள் நிகழும் அதிகாரத்தைக் காட்டவே கோத்திக் அச்சம் பயன்பட்டது என்னும் போக்கில் ஜான்சனின் வாசிப்பு செல்கிறது. நானும் அவர்களோடுதான், ஆயினும் ஒரு தடை உண்டு. கேதரீனைத் தீர்க்கதரிசியாக்கிவிடக் கூடாது. ஜெனரல் மனைவியைக் கொல்லவில்லை. சான்றின்றி ஒருவர்மேல் கொலைப்பழி எண்ணுவது சிறு பிழையன்று. அவள் வெட்கியது நியாயமே.

இங்குள்ள கவிஞர்களுக்கு நம் அணியிலக்கண மொழியிலேயே சொல்லலாம். கோத்திக் கதை ஓர் உயர்வு நவிற்சி. கேதரீன் அதனை நேர்ப்பொருளாகக் கொண்டாள். ஹென்றி அதனை வெறும் பொய் என்று தள்ளினான். உயர்வு நவிற்சியைப் படிக்கத் தெரியாதவர்கள் இருவருமே. இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில், ஜெனரலைப் பற்றித் தான் எண்ணியது அவர் இயல்புக்குப் பெரிதும் மாறானதன்று என்று கேதரீன் உணர்கிறாள். அப்போதுதான் அவளுக்கு அணி புரிகிறது.

குறையும் உண்டு. முப்பத்தொரு அத்தியாயங்களில் மாளிகைக்கு வந்து சேரவே இருபது ஆகின்றன. பாத் நகரத்து நடனங்களும் மாளிகைத் திகிலும் சரியாக ஒட்டவில்லை என்போரை நான் மறுக்கமாட்டேன்.

இறுதி அத்தியாயத்தில் ஆஸ்டின் போகிறபோக்கில் சொல்லும் ஒரு செய்தி உண்டு. எலினார் ஒருவரை நேசிக்கிறாள். தம் நிலை தாழ்ந்திருந்ததால் அவர் நெடுநாள் அவளிடம் மணம் பேச முன்வரவில்லை. எதிர்பாராமல் பட்டமும் சொத்தும் வந்தபின்பே திருமணம் கூடுகிறது. அவர் முன்பு நெடுநாள் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது, அவருடைய பணியாள் கவனமின்றி விட்டுச்சென்றவைதாம் அலமாரியில் கிடந்த அந்தச் சலவைக் கணக்குகள். கேதரீன் தேடிய மர்மம், ஜெனரலின் அதிகாரத்தால் வாய்மூடியிருந்த ஒரு பெண்ணின் காதல், அவள் கையிலேயே இருந்தது. அவள் வெட்கினாள், நாம் சிரித்தோம்.