ஆரையும் புளியாரையும்



தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டமையை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய இடங்களில் கிடைக்கும் பானை ஓடுகளை வகைப்படுத்தும் அறிஞர், நிறத்தை மட்டும் நோக்குவதில்லை. விளிம்பின் வடிவையும், மண்ணின் தன்மையையும், சுட்ட முறையையும் சேர்த்தே நோக்குவார். செடிகளை வகைப்படுத்துவோர்க்கும் அதுவே நெறி. இரு சிறு செடிகளைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

ஒன்று ஆரை, மற்றொன்று புளியாரை. வயற் சேற்றிலும் குளக்கரையிலும் படரும் ஆரைக்குக் காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள், புளியாரைக்கு மூன்று. சாயல் ஒத்திருக்கிறது, பெயரும் உறவு சொல்லுகிறது. ஆயினும், புளியாரை மஞ்சள் மலர் பூத்துக் காய்த்து விதை தருவது. ஆரையோ பூப்பதே இல்லை. அதன் இளந்தளிர் சுருண்டு தோன்றி, பின்னர் விரிகிறது. காம்பின் அடியில் கடினமான சிற்றுறைகள் உண்டாகின்றன. அவற்றினுள் வித்துத்துகள்கள் உள்ளன. ஆகவே, ஆரை பெரணி இனத்தைச் சேர்ந்தது. பெயரை மட்டும் நம்பி மூலிகை பறிப்பவன் ஒன்றிருக்க மற்றொன்றைக் கொணர்வான் அல்லனோ?

1753ஆம் ஆண்டில் லின்னேயஸ், பெரணிகளைப் பூவாத் தாவரங்களுள் வைத்து, வித்துத்துகட் கூடுகள் அமைந்திருக்கும் முறையைக் கொண்டு பிரித்தார். தென்னாட்டுப் பெரணிகளைப் படங்களுடன் விளக்கிய பெடோம் என்பாரின் நூல் 1863 முதல் சென்னையில் வெளிவந்தது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியைச் சார்ந்த மாணிக்கம் அடிகளாரும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளை ஆராய்ந்து 1992இல் நூல் வெளியிட்டனர்.

கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளோடு மரபணுவையும் ஒப்பிடும் முறை பின்னர் வலுப்பெற்றது. 2016இல் உலக அறிஞர் பலர் கூடி வெளியிட்ட வகைப்பாடு, ஏறத்தாழ 10,500 பெரணி இனங்களை 48 குடும்பங்களில் அடக்குகிறது. அதில் ஆரைக்கு நெருங்கிய உறவு எது தெரியுமா? நெல்வயலில் உரமாக மிதக்கவிடும் அசோலா! தோற்றத்தில் இரண்டிற்கும் ஒப்புமையே இல்லை. ஆனால், பெரும்பாலான பெரணிகளில் வித்துத்துகள் ஒரே அளவினதாயிருக்க, இவ்விரண்டிலும் பெரிதும் சிறிதுமாக இருவகைத் துகள்கள் உண்டு. இவ்வுறவை மரபணுவும் உறுதிப்படுத்தியது.

ஒத்த முகம் கொண்டவை அயலாயின. ஒவ்வா முகம் கொண்டவை உறவாயின. இனி வயல்வெளியில் ஆரையைக் கண்டால், இலையை எண்ணுவதோடு நில்லாமல், காம்பின் அடியையும் சற்றே விலக்கிப் பாருங்கள். வகைப்பாட்டின் முதற் பாடம் அங்கே இருக்கிறது.