நடுங்கிய வட்டம்

(குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆசிரியர் நலன் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேச எனக்கு வராது. போன வருடம் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

ஜூலை மாதம் எனக்கு ஆஸ்துமா என்று சொன்னார்கள். 43 வயதில். அதற்கு முன் மூன்று மாதம் இரவில் இருமல், படியேறினால் நெஞ்சுக்குள் விசில் சத்தம். சளிதானே என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மருத்துவர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார். இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் ஆஸ்துமா என்றார்.

இரண்டு இன்ஹேலர் எழுதினார். ஒன்று காலையும் இரவும் தவறாமல் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து. புடசோனைடு என்ற ஸ்டீராய்டு. இன்னொன்று நீல நிறத்தில் இருக்கும் சால்பியூட்டமால்; திணறல் வரும்போது மட்டும். எப்படி இழுப்பது என்று ஒரு நிமிடத்தில் காட்டினார்கள். வெளியே வரிசை நீளமாக இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன். புரியாமலே தலையாட்டும் பிள்ளைகளை நமக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

முதல் வாரம் எட்டாம் வகுப்பில் வட்டக்கோணப் பகுதி நடத்த வேண்டும். கரும்பலகையில் வட்டம் போட எனக்குக் கவராயம் தேவையில்லை. கையாலேயே போடுவேன், அதில் ஒரு பெருமையும் உண்டு. அன்று வகுப்புக்கு முன் மூச்சு இறுகியதால் நீல இன்ஹேலரை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனேன். வட்டம் முட்டையாக வந்தது. "டீச்சர், கை ஆடுது" என்றாள் முன்வரிசைப் பெண். நெஞ்சும் படபடவென்று அடித்தது. இதயத்திலும் ஏதோ கோளாறு என்றே பயந்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். சால்பியூட்டமால் மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்துகிறது. அந்த மருந்துக்கு இணங்கும் அதே மாதிரி ஏற்பிகள் கைத் தசையிலும் இதயத்திலும் கொஞ்சம் இருக்கின்றன. அதனால்தான் நடுக்கமும் படபடப்பும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் அது வேறு. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும். நோய் கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளம் அது.

மூன்றாவது வாரம் குரல் போயிற்று. மூன்றாம் பிரிவேளைக்குள் கரகரத்து, மதியத்துக்கு மேல் காற்றுதான் வரும். "கேக்கல டீச்சர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து சத்தம். நமக்குக் குரல் இல்லை என்றால் என்ன இருக்கிறது? நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது, சாப்பாடு எரிந்தது. ஆசிரியர் அறையில் ஒருவர், "அது ஸ்டீராய்டு, பழக்கமாயிடும், விட்டுடுங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் விட்டுவிட்டேன். மருத்துவரிடம் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

குரல் திரும்பியது. எனக்கு ஒரே சந்தோஷம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டோடு மாடி ஏறும்போது பாதிப் படியில் மூச்சு நின்றுவிட்டது போல ஆயிற்று. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய் நெபுலைசர் வைத்தார்கள்.

மருத்துவர் திட்டவில்லை. "எப்படி எடுக்கிறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். காட்டினேன். அடித்து முடித்த பிறகு மூச்சை இழுத்தேன். அவர் சிரித்துவிட்டார். மருந்தில் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகாமல் நாக்கிலும் தொண்டையிலும் படிந்திருக்கிறது. ஸ்டீராய்டு அங்கே தங்கினால் குரல் கரகரக்கும். பூஞ்சை வளர்ந்து வெள்ளைப் படலமும் வரும். போதாக்குறைக்கு நான் இரவில் பல் துலக்கி, வாய் கொப்பளித்து, அதற்குப் பிறகுதான் இன்ஹேலரை இழுத்துவிட்டுப் படுப்பேன். வரிசை தலைகீழ்! இப்போது முதலில் இன்ஹேலர், அடுத்து பல் துலக்கல். தொண்டை வரை கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இந்தச் சின்ன மாற்றம் மறந்தே போகாது, பல் துலக்குவதை யாரும் மறப்பதில்லையே.

ஸ்பேசரும் வாங்கச் சொன்னார். நடுவில் உப்பிய பிளாஸ்டிக் குழாய், ஒரு பக்கம் இன்ஹேலர், மறுபக்கம் நம் வாய். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒருமுறை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பெரிய துளிகள் குழாயிலேயே தங்கிவிடுவதால் தொண்டை தப்பிக்கிறது. கேப்சூல் போட்டு இழுக்கும் பொடி வகைக்கு ஸ்பேசர் கிடையாது. அதை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றால் கொப்பளிப்பது அதற்கும் உண்டு. நாக்குப் படலத்துக்குத் தனியாக மருந்து கொடுத்தார். குரல் சரியாக ஒரு மாதம் ஆயிற்று.

பழக்கமாகிவிடும் என்ற பயத்துக்கு அவர் ஒரு கணக்குப் போட்டார், நான் கணக்கு டீச்சர் என்பதால் பிடித்துப்போனது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரில் இரண்டு அடி 200 மைக்ரோகிராம். மாத்திரை இருபது மடங்கு. தடுப்பு இன்ஹேலரின் அளவும் மைக்ரோகிராமில்தான். மருந்து நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போவதால் அவ்வளவு போதும்.

இனி என் மாணவன் ஒருவனைப் பற்றி. ஏழாம் வகுப்பு. நான் திரும்பி வந்த பிறகு ஒளிக்காமல் வகுப்பு வாசலில் நின்றே நீல இன்ஹேலரை எடுப்பேன். ஒரு நாள் இடைவேளையில் அவன் வந்தான். பையின் அடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய இன்ஹேலரைக் காட்டி, "டீச்சர், உங்களுக்கும் கை ஆடுமா?" என்றான்.

விளையாட்டுப் பிரிவேளைக்குப் பிறகு இன்ஹேலர் எடுத்தால் அவனுக்கு எண்கள் கோணலாக வருமாம். அதற்காகவே அதை எடுக்காமல் இருந்திருக்கிறான், விளையாடப் போகாமலும் இருந்திருக்கிறான். அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று பக்கத்தில் சிவப்பு மையில் "எண்களை ஒழுங்காக எழுது" என்று இருந்தது. என் கையெழுத்துதான்.

அவன் அம்மாவை வரச் சொன்னேன். தடுப்பு மருந்தால் பிள்ளை வளராமல் போய்விடுவான் என்று அவருக்குப் பயம். முதல் ஆண்டில் வளர்ச்சி சராசரியாக அரை சென்டிமீட்டர் குறையலாம் என்பது உண்மை. அதனால்தான் மருத்துவர்கள் உயரத்தை அளந்துகொண்டே வருகிறார்கள், தேவையான குறைந்த அளவே கொடுக்கிறார்கள். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும். நானாக எதையும் கூட்டவோ குறைக்கவோ சொல்லவில்லை. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், பையன் எப்படி இழுக்கிறான் என்று காட்டச் சொல்லுங்கள் என்றேன்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் கொண்டுவரும் மருந்துகளை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்போம். நல்ல பழக்கம்தான், ஆனால் இன்ஹேலருக்கு ஆகாது. சாவி வைத்திருப்பவர் பயிற்சிக்குப் போன நாளில் திணறல் வந்தால் என்ன செய்வது? தலைமையாசிரியரிடம் பேசி மாற்றினோம். அவனுடையது இப்போது அவன் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியருக்கும் தெரியும். எண்கள் கோணலாக வந்தால் நான் விடையை மட்டும் பார்க்கிறேன்.

என் ஸ்பேசரைக் கொண்டுவந்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர்த்தியது. பிரித்துப் பார்க்க வேண்டும் என்பவர்கள் தேநீர் இடைவேளையில் வாருங்கள்.