ஈப்போவில் ஏன் இரண்டு பகரம்?



தமிழ் எழுதியவாறே படிக்கப்படும் மொழி என்று வகுப்பறையில் நாம் பெருமையோடு சொல்லி வருகிறோம். ஆங்கிலத்தோடு ஒப்பிடுங்கால் அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அவ்வளவு நேரானதன்று. இலக்கண நூலைப் புரட்டுவதற்கு முன், நாள்தோறும் நாம் கடந்து செல்லும் ஊர்ப்பெயர்ப் பலகைகளின்முன் சற்றே நின்று நோக்குவோம்.

ஈப்போ என்னும் பெயரில் மலாய்மொழியினர் பகர ஒலிக்கு ஓரெழுத்தே இடுகின்றனர். நாம் இரண்டு இடுகிறோம். ‘ஈபோ’ என்று எழுதிப் பார்ப்போம். ‘கோபம்’ என்னும் சொல்லில் பகரம் எவ்வாறு அதிர்ந்து மெலிகின்றதோ, அவ்வாறே இங்கும் மெலிந்துவிடும். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தனித்து நிற்கும் வல்லெழுத்தைத் தமிழர் நா வன்மையாக ஒலிப்பதில்லை. வன்மை வேண்டுமாயின் இரட்டித்தல் வேண்டும். ஆகவேதான் புக்கிட், மலாக்கா, பாத்தோக் ஆகியவற்றிலும் மெய் இரட்டித்து நிற்கிறது. கெடாவில் டகரம் இரட்டவில்லை; அங்கு மூலச்சொல்லின் ஒலியே மெல்லொலி என்பதால் தனி டகரம் போதும்.

இவற்றுள் நம் மனத்தை மிகவும் கவர்வது ஜொகூர். மலாயில் அவ்விடத்தில் இருப்பது ஹகர ஒலி. நாம் எழுதுவதோ ககரம். பிழையா என்றால், இல்லை. ‘அகம்’, ‘பகல்’ ஆகிய சொற்களை இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். அங்கும் ககரம் ஏறத்தாழ அவ்வாறே தளர்ந்து ஒலிக்கிறது. சிங்கப்பூர் என்னும் பெயரிலோ இருவகை வல்லெழுத்தும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஙகர மெய்யை அடுத்த ககரம் அதிர்கிறது. இரட்டித்த பகரம் வன்மையாக நிற்கிறது. ஒலிக்கு ஓரெழுத்து என்று பல எழுத்துகளைக் குவிக்காமல், எழுத்து நிற்கும் இடத்தைக் கொண்டே ஒலியை உணர்த்துவது நம் எழுத்துமுறையின் சிக்கனம்.

சிக்கனத்திற்கு விலையும் உண்டு. சொல்லின் முதலில் இவ்விதி கைகொடுப்பதில்லை. பாசிர் ரிஸ், பீஷான் ஆகிய இரண்டும் மூலத்தில் வெவ்வேறு ஒலிகளில் தொடங்குவன. தமிழில் இரண்டிற்கும் பகரமே. கோலாலம்பூரில் மலாய்மொழியினர் வன்மையாகச் சொல்லும் பகரம், மகர மெய்யை அடுத்ததால் நம் வாயில் அதிர்ந்து ஒலிக்கிறது. சிலாங்கூரிலோ மலாயில் ஙகரம் மட்டுமே உண்டு, ககரம் இல்லை. ஙகர வரிசையை அரிச்சுவடியில் முழுதாக ஓதுவித்தாலும், அதனை உயிர்மெய்யாக ஆளும் சொற்கள் ‘அங்ஙனம்’ போன்ற மிகச் சிலவே. பழகாத எழுத்தை விடுத்து நாம் ககரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம்.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972இல் தத்தம் ரூமி எழுத்துக்கூட்டலைச் சீர்செய்து நெருங்கிவந்தன. அதன் பின்னரும் மலாயில் எகரத்தைக் குறிக்கும் ஓரெழுத்து இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. ‘பெராங்’ என்பதற்குரிய எழுத்துக்கூட்டலை ஒருவாறு ஒலித்தால் போர். வேறுவாறு ஒலித்தால் பழுப்பு நிறம். படிப்பவர் சூழலால் அறிந்துகொள்கிறார். தமிழில் ‘பாவம்’ செய்தவரையும் நடன அரங்கில் ‘பாவம்’ காட்டுபவரையும் நாம் பிரித்தறிவது போலத்தான்.

இதனால், அதிரும் ஒலிகளுக்குத் தமிழில் புதிய எழுத்துகள் வேண்டும் என்பாரும் உளர். தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றின் வடிவங்களைத்தான் மாற்றியது, ஒலியைத் தொடவில்லை. புதிய எழுத்துகளைச் சேர்ப்பது அத்தகையதன்று. ‘கடல்’ என்பதும் ‘பெருங்கடல்’ என்பதும் வெவ்வேறு ககரங்களால் எழுதப்படுமாயின், இரண்டும் ஒரே சொல் என்பதைக் கண் காணாது. பிறமொழிப் பெயர்கள் சிலவற்றின்பொருட்டு நம் சொற்களின் உறவைக் குலைப்பது தகாது என்பதே எம் கருத்து.

ஆனால் விதியைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதும் தகாது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இவ்விதி செவிவழியே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஓரொலி என்று பழகி வரும் குழந்தையோ ‘அகம்’ என்பதை ‘அக்கம்’ போலப் படிக்கிறது. உச்சரிப்புப் பிழை என்று சிவப்பு மையால் குறிக்கும் முன், அதற்கு எவரேனும் விதியைக் கற்பித்தோமா என்று கேட்டுக்கொள்ளல் நன்று. ஈப்போ, கெடா, ஜொகூர் ஆகிய மூன்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதினாலே ஒரு பாடவேளை போதும்.

சொல்வதெழுதுதலில் சிக்கல் வேறு வகையினது. அங்கே எழுத்துகள் பல, ஒலி ஒன்று. லகர, ளகர, ழகரங்களை நாமே வேறுபடுத்தி ஒலிக்காவிடின், கேட்டு எழுதும் மாணவர் எதைக் கொண்டு தெளிவார்? ணகரமும் னகரமும் அவ்வாறே. யாழ்ப்பாணத்தார் பேச்சில் ‘காற்று’ என்பதன் இரட்டை றகரம் ‘காத்து’ ஆகாமல் இன்றும் தனியொலியாக வாழ்கிறது. அவ்வொலியின் உரிமையால்தான் கனடாவில் குடியேறிய ஈழத்தமிழர் தம் நகரை ‘ரொறன்ரோ’ என்று எழுதுகின்றனர்; நாம் ‘டொராண்டோ’ என்கிறோம். இரண்டும் தத்தம் செவிக்கு நேர்மையானவை.

நம் பேச்சில் அவ்வேறுபாடு மங்கிய இடங்களில் செவியை மட்டும் நம்பி எழுத்துக்கூட்டல் கற்பிக்க இயலாது. அங்கே சொற்குடும்பம் துணைவரும். ‘வாழ்’ என்பதை ஒருமுறை சரியாக ஒலித்துக் காட்டி, வாழ்வு, வாழ்க்கை, வாழ்த்து, வாழ்நாள் என அதன் கிளைகளை அருகருகே எழுதுவித்தால், மாணவர் செவி தடுமாறும்போது கண் கைகொடுக்கும். ‘வாள்’ என்பதற்கு அத்தகைய குடும்பம் சிறிது. அதனைப் படத்தோடு காட்டிவிடலாம். சொல்வதெழுதுதலுக்குரிய பத்துச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அவற்றுள் எவை செவிக்குரியன, எவை கண்ணுக்குரியன என்று முதல்நாளே பிரித்துவைத்துக்கொண்டால் திருத்தும் வேலையும் பாதியாகக் குறையும்.