மேடையில் சொன்ன தொகையும் கையில் சேர்ந்த தொகையும்

(கிளை நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கல்வி உதவி நிதிக்காகப் பெரிய அளவில் ஒரு நிகழ்ச்சி நடத்துவது எப்படி என்று சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பேச்சாளன் அல்ல. பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, மத்திய அரசின் தணிக்கைத் துறையில் 36 வருஷம் மற்றவர்களுடைய கணக்கைப் பார்த்தவன். நாக்பூர், ராஞ்சி, டெல்லி என்று மாற்றலான ஊர்களிலெல்லாம் நம்மவர்கள் நடத்திய கச்சேரிகளில் டிக்கெட் மேஜையிலோ கணக்கு நோட்டுடனோ உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே மேடைக்கு முன்னால் இருந்து பார்த்ததை அல்ல, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இது எந்தக் கிளையின் கணக்கும் அல்ல; விளக்கத்துக்காக நான் போட்டது. ஒரு கிளை கச்சேரி நடத்தி 10 லட்ச ரூபாய் வசூலிக்கிறது. மேடையில் அறிவிக்கிறார்கள், பலத்த கைதட்டல். இப்போது செலவுக்கு வருவோம். அரங்க வாடகை, மைக், விளக்கு ஒன்றரை லட்சம். வித்வான்கள் சன்மானம், பிரயாணம், தங்குமிடம் 2 லட்சம். 800 பேருக்குச் சாப்பாடு, தலைக்கு 200 ரூபாய் என்றாலும் 1 லட்சத்து 60 ஆயிரம். அழைப்பிதழ், நினைவு மலர் அச்சடிக்க 1 லட்சம். மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வீடியோ 40 ஆயிரம். கூட்டினால் ஆறரை லட்சம். மிச்சம் மூன்றரை லட்சம். ஒரு மாணவனுக்கு வருஷக் கட்டணம் 25 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் 14 பேருக்குத்தான் கட்ட முடியும். செலவு முழுவதையும் வேறு வழியில் சமாளித்திருந்தால் 40 பேருக்குக் கட்டியிருக்கலாம். நடுவில் காணாமல் போன 26 குழந்தைகள் எந்த வரவு செலவுக் கணக்கிலும் வருவதில்லை.

இன்ஜினின் திறனைக் கணக்கிடும்போது, போட்ட எரிபொருளில் எவ்வளவு வேலையாக மாறியது என்றுதான் பார்ப்போம். சத்தம் எவ்வளவு வந்தது என்று பார்ப்பதில்லை. நம் இன்ஜினின் திறன் இங்கே 35 சதவிகிதம். சரியாகத் திட்டமிட்டால் இதை நிச்சயம் உயர்த்தலாம். அதற்கு ஆறு விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, தேவையிலிருந்து தொடங்குங்கள். பல இடங்களில் முதலில் வித்வானின் தேதி கிடைக்கிறது, பிறகு அரங்கம், பிறகு டிக்கெட். பணம் வந்த பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்ற யோசனை. இதைத் தலைகீழாக்க வேண்டும். எத்தனை பேருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை முதலில் எழுதுங்கள். கல்லூரிக் கட்டணம் ஜூலையில் என்றால் டிசம்பரில் கிடைக்கும் பணத்தால் அந்த வருஷத்துக்கு என்ன பிரயோஜனம்? அப்பா அதற்குள் வட்டிக்கு வாங்கியிருப்பார். 1921-ல் திலகர் ஸ்வராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் என்று இலக்கு வைத்தார்கள். ஜூன் 30-க்குள் என்று கெடுவும் வைத்தார்கள். அந்தக் காலத்து ஒரு கோடி! கெடுவுக்குள் சேர்ந்தது. தொகை, தேதி இரண்டையும் ஜனங்களிடம் சொன்னால் அவர்கள் அதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு, செலவுக்குத் தனி ஆள் பிடியுங்கள். டிக்கெட் விற்பதற்கு முன்பே அரங்கத்துக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், அச்சுக்கு ஒருவர் என்று ஏற்பாடு செய்துவிடுங்கள். "இந்தப் பந்திச் செலவு இன்னாருடைய உபயம்" என்று போர்டு வைத்தால் சந்தோஷமாகச் செய்ய நம்மிடையே மனுஷர்கள் இருக்கிறார்கள். நினைவு மலர் விளம்பர வருமானத்தையும் செலவுக் கணக்கிலேயே வையுங்கள். அப்புறம், "நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் குழந்தைகளுக்கே" என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் சக்தி எந்தச் சிறப்பு விருந்தினருக்கும் கிடையாது. யாரும் கிடைக்காத செலவைக் குறைத்துவிடுங்கள். டிபன் போதுமென்றால் டிபன் போடுங்கள். பொன்னாடையில் மிச்சம் பிடித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று, பத்துப் பெரிய மனிதர்களை மட்டும் நம்பாதீர்கள். 40 தொண்டர்கள், ஆளுக்கு 10 குடும்பம், குடும்பத்துக்கு 2,500 ரூபாய் என்றால் அதே 10 லட்சம் வந்துவிடுகிறது. 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தான் ஓட்டத்தில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஓடுகிறவர் தனக்குப் பிடித்த தொண்டு நிறுவனத்துக்காகத் தன் நண்பர்கள், உறவினர்கள், உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டு வாங்குகிறார். தெரிந்தவர் கேட்டால் மறுக்க மனசு வராது. பெரிய மனிதர் ஒரு வருஷம் ஊரில் இல்லையென்றால் நிதி படுத்துவிடும். 400 குடும்பங்களும் ஒரே வருஷத்தில் ஊரில் இல்லாமல் போகாது.

நான்கு, நிகழ்ச்சி நிகழ்ச்சியாகவே நன்றாக இருக்க வேண்டும். ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மி 1944-ல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காகப் பாடினார். அதற்குப் பிறகும் எத்தனையோ நல்ல காரியங்களுக்குக் கச்சேரி செய்து கொடுத்தார். 1974-ல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுத்தொண்டுப் பிரிவில் கிடைத்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஜனங்கள் சங்கீதம் கேட்க ஆசையோடு வந்தார்கள், தர்மமும் நடந்தது. "பாவம், வாங்கிக்கோங்கோ" என்று விற்கும் டிக்கெட்டை அடுத்த வருஷம் யாரும் வாங்க மாட்டார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் சேர்ந்து 20 நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. திறந்த வெளியில் நடத்தினால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. 2000-ஆம் ஆண்டு விதிகள் அப்படி. பேச்சு நீண்டால் தனி ஆவர்த்தனம்தான் அடிபடும்.

ஐந்து, ரசீது. டிக்கெட்டுக்கும் நன்கொடைக்கும் ரசீதுப் புத்தகம் தனித்தனியாக இருக்கட்டும். கச்சேரி கேட்கக் கொடுத்த டிக்கெட் பணம் நன்கொடை ஆகாது. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகை, 2017 ஏப்ரலிலிருந்து 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கிடையாது. 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்ணும் மாறிவிட்டது. அதற்கேற்ப ரசீதை அச்சடிக்கும் முன்பே ஆடிட்டரைக் கேளுங்கள். டிக்கெட், விளம்பரம் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மேடையில் "நான் ஐம்பதாயிரம் தருகிறேன்" என்று சொல்வது வரவு அல்ல. வங்கியில் சேர்ந்த பிறகுதான் அது வரவு. அறிவித்தது, வந்தது என்று இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். வராததை ஒரே மாதத்துக்குள் போய் மரியாதையாகக் கேளுங்கள். நாள் ஆக ஆகக் கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் மறதி.

ஆறாவது விஷயத்தைக் கணக்கில் எழுத முடியாது. வட இந்தியாவில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே விழா மேடையில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அவள் அப்பாவின் வியாதியையும் குடும்ப வருமானத்தையும் மைக்கில் வாசித்து, பெரிய அட்டைச் செக்கைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அடுத்த வருஷம் அந்தக் குடும்பத்திலிருந்து விண்ணப்பம் வரவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. கமிட்டி சார்பில் நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் அம்மா சொன்னார்: "பணம் வேண்டாம்னு இல்லை மாமா. அவள் மேடை ஏறமாட்டேங்கறா." கமிட்டியில் இதைச் சொன்னேன். "கொடுத்தவாளுக்குக் காட்ட வேண்டாமா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டியது கணக்கு, குழந்தையின் முகம் அல்ல. கட்டணத்தை நேராகக் கல்லூரிக்கே அனுப்பி, அந்த ரசீதை ஆடிட்டரிடம் காட்டினால் போதும். அந்த வருஷமே எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அவள் படிப்பை முடித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காந்திஜி தென்னாப்பிரிக்காவில் நேடால் இந்தியக் காங்கிரஸை நடத்தியபோதே சின்ன வரவுக்கும் ரசீது கொடுத்து, கணக்கைத் துல்லியமாக வைத்தவர். கணக்கு சுத்தமாக இல்லாத பொது ஸ்தாபனம் நிற்காது என்பது அவர் அனுபவம். நம்மிடம் கொடுப்பவர்களும் ஏமாளிகள் அல்ல. பென்ஷனிலிருந்து 500 ரூபாய் எடுத்துத் தரும் மாமி வாய்விட்டு எதுவும் கேட்கமாட்டார். ஆனால் அந்தப் பணம் எங்கே போயிற்று என்று மனசுக்குள் நிச்சயம் நினைப்பார்.

ஆகவே இன்று வந்திருக்கும் பொருளாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த நிகழ்ச்சி முடிந்து 30 நாளைக்குள் நான்கே வரி எழுதுங்கள்: வசூலானது எவ்வளவு, செலவு எவ்வளவு, அந்தச் செலவை ஏற்றவர்கள் எத்தனை பேர், எத்தனை மாணவர்களுக்குக் கட்டணம் கட்டியாயிற்று. மாணவர்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதை நம் பத்திரிகைக்கு அனுப்பி வையுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் தயங்க வேண்டாம். இரண்டு லட்சம் வசூலித்து முழுவதையும் கொண்டு சேர்த்த கிளை, பத்து லட்சம் வசூலித்து மூன்றரை சேர்த்த கிளைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. மற்ற ஊர்க்காரர்கள் அதைப் படித்துக் கற்றுக்கொள்வார்கள்.

 கேள்விகள் இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் தாராளமாகக் கேளுங்கள்.