எண்ணுகிற மிஷின் வந்தது, இறங்குகிற மிஷின் எங்கே?

(காரைக்காலில் மாணவர்களும் இளைஞர்களும் நடத்தும் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

தொழில்நுட்பச் செய்திகளும் நம் மக்களும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுங்க, எல்லாருக்கும் வேலை போயிடும்ங்கறாங்களே என்று ஒரு தோழர் கேட்டுக்கொண்டார். அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் இந்தச் செய்திகளை நாம எப்படிப் படிக்கிறோம்ங்கறதைக் கொஞ்சம் பார்க்கணும்.

பத்திரிகையில் எப்படி எழுதறாங்க? புது மிஷின் வந்தாச்சு, இனிமே எல்லாம் சுலபம், ஊழல் ஒழிஞ்சது, இடைத்தரகன் ஒழிஞ்சான். சுலபம் யாருக்கு? ஒழிஞ்சது யார்? அதை எழுதமாட்டாங்க. அதனால் ஒரு செய்தியைப் படித்ததும் ரெண்டு கேள்வி கேட்டுப் பழகணும்னு சொல்றேன். இந்தக் கருவி சேரிக்கு எப்போ வரும்? வந்தா எந்த வேலைக்கு வரும்? இந்த ரெண்டையும் கேட்டாலே பாதிச் செய்தி வெளுத்துப் போகும்.

உடனே, தலித்துகள் மிஷினுக்கு எதிரியா என்று கேட்பார்கள். இல்லை. அம்பேத்கர் 1945இல் எழுதிய 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' என்ற நூலில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. இயந்திரத்தை வெறுத்துக் கிராமத்துக்கும் ராட்டைக்கும் திரும்பச் சொன்ன காந்தியத்தை அவர் கடுமையாக மறுத்தார். மிருகம் போல உழைத்துச் சாகும் மனிதனுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வு இருந்தால்தான் படிப்பும் பண்பாடும், அந்த ஓய்வைத் தரக்கூடியது இயந்திரம் என்பது அவர் நிலை. இயந்திரத்தால் கேடு வருகிறதென்றால் குற்றம் இயந்திரத்தில் இல்லை, சொத்தையும் லாபத்தையும் புனிதமாக வைத்திருக்கும் சமூக அமைப்பில் இருக்கிறது என்றார். குனிந்தே பிழைத்த ஒரு சனத்தின் தலைவர் வேறெப்படிப் பேசுவார்? நம்முடைய அளவுகோல் இதுதான். மிஷின் நம்ம முதுகை நிமிர்த்துதா, இல்லையா?

இந்த அளவுகோலை வைத்து நம்ம ஊரையே பார்ப்போம். காரைக்கால் சின்ன இடம். நாலு பக்கத்தில் மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நிர்வாகமோ புதுச்சேரியில். சின்ன யூனியன் பிரதேசம் என்பதால் தில்லிக்கு இது பரிசோதனைக்கூடம் மாதிரி. 2015 செப்டம்பரில் அப்படி ஒரு பரிசோதனை நடந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கொடுக்க வேண்டிய தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம். நாட்டிலேயே முதலில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும்தான் இதைத் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டு தாத்ரா நாகர் ஹவேலியிலும். வங்கிக் கணக்கு, ஆதார், செல்போன், மூணையும் சேர்த்தால் பசி தீர்ந்ததுன்னு செய்தி வந்தது.

நிதி ஆயோக் கேட்டுக்கொண்டதன் பேரில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய ஆய்வாளர்கள் இந்த மூன்று பிரதேசங்களிலும் வீடு வீடாகக் கேட்டார்கள். அரசின் கம்ப்யூட்டர் கணக்குப்படி பணம் போய்ச் சேராதவர்கள் நூற்றுக்கு ஒருத்தர் கூட இல்லை. ஆனால் ஆய்வின் ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒருவர், எனக்குப் பணம் வரலைன்னு சொன்னார். திரையில் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு. பணம் வேறெங்கோ போய்விட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. பல பேருக்கு எந்தக் கணக்கில் ஏறுது, எப்போ ஏறுதுன்னே தெரியல. பாஸ்புக்கில் வரி ஏற்ற ஒரு நாள் கூலியை விட்டுட்டுப் போகணும்.

இதில் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒண்ணு இருக்கு. ரேஷன் கடை என்பது ஒரு இடம். எடை குறைஞ்சா தராசைக் காட்டிச் சண்டை போடலாம். அரிசி புழுத்திருந்தா அள்ளிக்கிட்டுப் போய் அதிகாரி மேசையில் கொட்டலாம். பத்துப் பொம்பளைங்க சேர்ந்தா மறியல். கணக்கில் பணம் ஏறலைன்னா எங்கே போய் உட்காருவது? வங்கியில் கேட்டா துறையில் கேளுன்னு பதில். துறையில் கேட்டா, நாங்க அனுப்பிட்டோம், ஆதார் எந்தக் கணக்கோட சேர்ந்திருக்கோ போய்ப் பாருன்னு பதில். கடைசியில் சர்வர் மேலே பழி. சர்வரை யார் கெரோ பண்றது?

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கடை ஊருக்குள்ளே இருக்கும், நம்ம பெண்கள் ஒதுங்கி நின்று கடைசியாக வாங்கிவர வேண்டியிருக்கும். அந்த அவமானத்துக்குப் பணமே தேவலை என்று நினைத்த தோழர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அரிசியாக வந்தால் உலைக்குப் போகும், பணமாக வந்தால் முதலில் கடன்காரன் கைக்குப் போகும் என்று சொன்ன பெண்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இதில் எது வேண்டும்னு நம்மகிட்ட யாருமே கேட்கல. அரிசியா பணமா என்று துணைநிலை ஆளுநர் கிரண்பேடிக்கும் முதல்வர் நாராயணசாமிக்கும் நடந்த சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2020இல் தீர்ப்பு பணத்தின் பக்கம் வந்தது. அதே ஆண்டு கொரோனா ஊரடங்கு. மத்திய அரசு அரிசி கொடுக்கிறேன் என்றபோது அதைக் கொடுக்கக் கடை திறந்திருக்கவில்லை. அரசு ஊழியர்களை வைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ரேஷன் கடை ஊழியர்கள் சம்பளமில்லாமல் ஆண்டுக் கணக்கில் போராடினார்கள். கடைசியில் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, கடைகள் மறுபடி திறந்தன. கடையை மூடியபோது வந்த 'புரட்சி' என்ற தலைப்பு, திறந்தபோது வந்ததா என்று பழைய பேப்பரைப் புரட்டிப் பாருங்க.

பணமாக மாறாத இடத்திலும் கருவி வாசலில் நின்றது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் குடும்ப அட்டை ரத்தாகியிருந்தது. பட்டினிச்சாவு என்று தாய் சொன்னார், நோய் என்று அரசு சொன்னது. அட்டை ரத்தானதை யாரும் மறுக்கவில்லை.

அடுத்தது நூறு நாள் வேலை. 2005இல் வந்த சட்டம் அது. நெடுங்காட்டிலும் திருநள்ளாறிலும் திருமலைராயன்பட்டினத்திலும் வாய்க்கால் வெட்டியதும் குளம் தூர் வாரியதும் யார் என்று உங்களுக்குத் தெரியும். 2021இல் ஒரு செல்போன் செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் கட்டாயம். ஒரு நாளைக்கு ரெண்டு முறை, வேலை செய்கிறவர்களை நிற்க வைத்து, இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்துப் போட்டோ. காலையிலேயே தன் பங்கு மண்ணை வெட்டி முடித்த பெண், ரெண்டாவது போட்டோவுக்காக வெயிலில் காத்திருக்கணும். டவர் இல்லைன்னா போட்டோ ஏறாது. போட்டோ ஏறலைன்னா அன்றைய உழைப்பு நடக்கவே இல்லை! மம்பட்டிக்குக் காப்பு கையில் இருக்கு, வெட்டின குழி கண்ணெதிரே இருக்கு, ஆனா மிஷின் இல்லைங்குது.

2024 ஜனவரி 1 முதல் கூலியும் ஆதார் வழியாகத்தான் என்று ஆனது. திருட்டாவது நின்றதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. திருடுகிறவன் கருவியைக் கற்றுக்கொண்டான். வேலை செய்தவன்தான் கருவியிடம் மாட்டிக்கொண்டான். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. 125 நாள் என்று விளம்பரம். கூடவே கைரேகைச் சரிபார்ப்பும் செயலி வழிக் கண்காணிப்பும் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டன. முன்பு சுற்றறிக்கையாக இருந்தது இப்போது சட்டம். ஒரு ஒப்பந்தக்காரரையோ என்ஜினீயரையோ ரெண்டு வேளை நிற்க வைத்துப் போட்டோ எடுக்கிற செயலி ஏன் வரல?

வயலுக்கு வருவோம். டெல்டாவில் பெல்ட் வண்டி இறங்கி அறுக்குது. கதிர் அறுக்கிற வேலை இடுப்பை ஒடிக்கிற வேலை. அம்பேத்கர் அளவுகோலில் இந்த மிஷின் நல்ல மிஷின், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அறுப்புக்காலத்தில் நம்ம பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த கூலி நெல் போச்சு. களத்தில் சிந்தினதைக் கூட்டி அள்ளினதும் போச்சு. மிச்சமான நேரமும் பணமும் நிலம் வைத்திருக்கிறவருக்கும் வண்டி வைத்திருக்கிறவருக்கும் போச்சு. முதுகு நிமிர்ந்தது உண்மை, வயிறு காலியானதும் உண்மை. நிலமும் வண்டியும் நம்மிடம் இருந்திருந்தால் அதே மிஷின் ஓய்வு கொடுத்திருக்கும். கூலி உயர்வு கேட்டதுக்கு 1968 டிசம்பர் 25இல் பக்கத்துக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்திய மண் இது. அந்த நிலப் பிரச்சினை தீராமல் அதன் மேலேயே மிஷின் ஓடுது.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எண்ணுகிற மிஷின், போட்டோ எடுக்கிற மிஷின், அறுக்கிற மிஷின் எல்லாம் வந்துவிட்டன. மனிதனுக்குப் பதிலாகச் சாக்கடைக் குழிக்குள் இறங்குகிற மிஷின்?

அது இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்தில் ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற இளைஞர்களின் நிறுவனம் 'பாண்டிகூட்' என்ற ரோபோவைச் செய்தது. 2018இல் கேரளத்தில் வேலைக்கு இறக்கினார்கள். மூடிக்கு மேலே நிற்கும், கை மட்டும் உள்ளே போய் அள்ளும், மேலே இருப்பவர் திரையில் பார்த்து ஓட்டலாம். பிறகு வேறு மாநிலங்களும் வாங்கின. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. 2023 ஆகஸ்டில் நிலாவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் கருவியை இறக்கிய நாட்டுக்கு, பத்தடிக் குழிக்குள் கருவியை இறக்கத் தெரியாதா?

மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது. போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. சஃபாய் கரம்சாரி அந்தோலன் தோழர்கள் போட்ட வழக்கு அது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 2019 முதல் 2023 வரை கழிவுநீர்க் குழாயிலும் கழிவுத் தொட்டியிலும் 377 பேர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. இன்னொரு கணக்கும் அரசு எடுத்ததே: 29 மாநில, யூனியன் பிரதேசங்களில் கணக்கெடுத்த சுமார் 38,000 கழிவுநீர்த் தொழிலாளர்களில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். இது 2024இல் வெளிவந்தது.

எங்கேயோ நடக்குதுன்னு நினைக்காதீங்க. 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பேர் இறந்தார்கள், ஒரு பள்ளி மாணவியும் சேர்த்து. ஊரே பதறியது, பதற வேண்டிய சாவுதான். அந்த வாயுவுக்குள் தினமும் தலையைக் கொடுக்கிறவன் சாகும்போது மட்டும் உள்பக்கத்தில் நாலு வரி.

வேலைக்கு ஆள் மலிவாகக் கிடைக்கும்வரை மிஷின் வராது. இது பொருளாதாரம். அந்த ஆள் பிறப்பாலேயே கிடைக்கிறான் என்பது சாதி. நூறு நாள் வேலை செயலிக்கு ஒன்றரை ஆண்டு போதும். சாக்கடை ரோபோவுக்கு 1993இலிருந்து முப்பது ஆண்டும் போதவில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்ட தோழருக்கு. 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ என்ற பத்திரிகை, ஓப்பன் ஏஐ நிறுவனத்தின் மாடல்களைச் சோதித்து எழுதியது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னார்கள், பிராமணரா தலித்தா என்று. அறிவாளி என்ற வாக்கியத்துக்கு ஒரு பதில், சாக்கடை சுத்தம் செய்பவர் என்ற வாக்கியத்துக்கு இன்னொரு பதில். எதற்கு எது என்று நான் சொல்லணுமா? நாம எழுதாத புத்தகங்களிலிருந்தும் நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியவற்றிலிருந்தும் அது படித்திருக்கிறது. குழிக்குள் இறங்க ரோபோ இல்லை. ஆனால் யாரை இறக்கணும் என்பதைக் கம்ப்யூட்டர் மனப்பாடம் பண்ணிவிட்டது.

என்ன செய்யலாம்? புலம்பி முடிக்க நான் வரவில்லை. கருவியைக் கைப்பற்றிய சரித்திரம் நமக்கு உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அச்சு மிஷின் அன்றைக்குப் புது மிஷின். 2017இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' படம் எடுத்தார். அதுவும் கேமராதான். நூறு நாள் வேலைக்காரரைக் கண்காணிக்கிற கேமரா கீழ்நோக்கிப் பார்க்கிறது. இந்தக் கேமரா மேலே இருப்பவரைப் பார்த்துக் கேள்வி கேட்டது.

மாணவர்கள் இந்த ஊரிலேயே தொடங்கலாம். நகராட்சியிடமும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளிடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க: சாக்கடையும் கழிவுத் தொட்டியும் சுத்தம் செய்ய என்ன மிஷின் இருக்கு, எத்தனை நாள் ஓடியது, ஓடாத நாளில் யார் இறங்கினார். தெருத்தெருவா உட்கார்ந்து, யார் யாருக்குக் கூலி ஏறலை, யார் கைரேகை விழலைன்னு நோட்டுப் போட்டு எழுதுங்க. திரைக் கணக்குக்கு எதிரா நம்ம கணக்கு ஒண்ணு வேணும். கைரேகை விழாட்டா அரிசியோ கூலியோ நிற்கக் கூடாது, தவறுக்குப் பதில் சொல்ல ஒரு மனுசன் ஒரு மேசையில் இருக்கணும், இதைக் கோரிக்கையா வையுங்க. இறங்குகிற மிஷின் வந்தால், அதை ஓட்டுகிற பயிற்சியும் சம்பளமும் இதுவரை இறங்கியவர் பிள்ளைகளுக்கே. அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இல்லாட்டி அறுப்பு வண்டி கதைதான் மறுபடியும்.

அடுத்த வாரம் பேப்பரில் இன்னொரு மிஷின் வரும். வெட்டி வைங்க. அடுத்த கூட்டத்தில் அந்த ரெண்டு கேள்வியை அதுக்கிட்ட கேட்போம்.

வணக்கம். ஜெய்பீம்.