திவாலானவருக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு



திவாலானபின் வங்கி வாசலையே மிதிக்கக் கூடாது என்றெண்ணி, சம்பளத்தை மைத்துனர் கணக்கில் போடச் சொல்லும் அன்பர்கள் சிலர் உள்ளனர். பிறர் பெயரிலுள்ள பணத்திற்கு நாளை உரிமை கோருவது எப்படி? வருமானத்தை மறைத்த குற்றமும் வந்து சேரும்.

தாமே மனுச் செய்தாலும், கடன் கொடுத்தவர் செய்தாலும், நீதிமன்ற உத்தரவு பிறந்ததும் வங்கிக் கணக்கு முடக்கப்படும். அஞ்ச வேண்டாம். அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் திவால் இலாகாவின் கிளைக்குச் செல்லுங்கள். சம்பளம் பெறச் சேமிப்புக் கணக்கு வேண்டுமென்று விண்ணப்பியுங்கள். கிடைக்கும் அனுமதிக் கடிதத்தை வங்கியில் கொடுங்கள்.

அதன்பின் கடமைகள் மூன்று. ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரவுக் கணக்கை இலாகாவிடம் ஒப்படையுங்கள். நிர்ணயித்த மாதத் தொகையைச் செலுத்துங்கள். 1,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ கடன் கேட்டால், திவால் நிலையை மறைக்காதீர்கள். ஊழியர் சேமநிதியில் உள்ள உங்கள் பணத்தைக் கடன்காரர் பறிக்க இயலாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

2017-இல் திருத்தப்பட்ட சட்டம், 3 ஆண்டுகளில் விடுதலை பெறும் வாய்ப்பைத் தந்தது. கணக்குக் காட்டாதவர் அவ்வாய்ப்பை இழப்பார். சீவிய பால்மரத்தில் புதுப்பட்டை வளர்வதை நாள்தோறும் காண்பவர்கள் நீங்கள். முறையோடு நடந்தால் வாழ்வும் அவ்வாறே தழைக்கும்.