தூரத்தில் இருந்து வைரம் வாங்கும்போது
(மைசூரில் நடந்த சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

செயலர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "உமக்குத்தான் வைரத்தில் அடிபட்ட அனுபவம் இருக்கே" என்றார். உண்மைதான். நான் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன். ஒளி எப்படித் திரும்புகிறது என்று முப்பது வருஷம் கரும்பலகையில் படம் போட்டவன், சொந்தப் பெண்ணுக்குத் தோடு வாங்கும்போது அந்தப் படத்தை மறந்துவிட்டேன்.

வைரம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு முதலில் மேல்கோட்டைதான் ஞாபகம் வரும். பங்குனியில் மண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் காவலோடு கிரீடம் வந்து, ராத்திரியில் பெருமாள் வைரமுடி சேவை சாதிப்பார். அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும், கூட்டத்தில் எவ்வளவு தள்ளி நின்றாலும் ஒரு கணம் பளிச்சென்று கண்ணில் அடிக்கும். வைரத்துக்கு அதுதான் வேலை. எடையும் சர்டிபிகேட்டும் அப்புறம்.

என் கதைக்கு வருகிறேன். என் தாயாருக்கு ஏழு கல் ப்ளூ ஜாகர் தோடு இருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம். நீலம் பாய்ந்த வெள்ளைக் கற்களுக்கு அந்தச் சுரங்கத்தின் பெயர் வந்தது. 1971-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் நம் மாமிகள் வாயில் இன்னும் இருக்கிறது. அந்தத் தோடு 2006-ல் மூத்த பெண் கல்யாணத்தில் அவளுக்குப் போயிற்று. சின்னவளிடம், "உனக்கும் இதே மாதிரி ஒன்று" என்று வாக்குக் கொடுத்தேன்.

2014-ல் அவள் கல்யாணம். எனக்கு அலைய முடியாத சமயம். வேறு ஊரில் ஒரு கடை, பெயர் வேண்டாம். போனில் பேசினேன், போட்டோ அனுப்பினார்கள். 14 கல், ஒவ்வொன்றும் 15 சென்ட், மொத்தம் 2.10 காரட். நிறம் உசத்தி, தோஷம் இல்லை, சர்டிபிகேட் உண்டு. அம்மா தோட்டைவிட எடை கூட என்று எனக்கு ஒரே பெருமை. பணம் கட்டினேன்.

குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து லீவுக்கு வந்திருந்தபோது, ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. ஆத்துக்காரி குத்துவிளக்கை ஏற்றி வைத்தாள். இரண்டு பெண்களும் அதன் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் தலையை அசைக்கும்போதெல்லாம் காதில் சிவப்பும் நீலமுமாகத் தெறிக்கிறது. சின்னவள் காது இருட்டாக இருக்கிறது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். "விடுங்கோப்பா. பாட்டி தோடு பேசறது, இது பேசலை. அவ்வளவுதானே" என்றாள். அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கமில்லை.

மறுநாள் ஸ்க்ரூ கேஜை எடுத்து அளந்தேன். நன்றாகப் பட்டை தீட்டிய 15 சென்ட் வட்டக் கல் சுமார் 3.4 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். எங்கள் கல் 3.25-ஐத் தாண்டவில்லை. மீதி எடை எங்கே போயிற்று? அடியில் ஆழமாகப் பதுங்கிக் கிடந்தது. யார் கண்ணுக்கும் படாத எடைக்கு நான் காரட் கணக்கில் பணம் கொடுத்திருக்கிறேன்.

இது ஏன் நடக்கிறது? வைரத்துக்கு ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே போன ஒளி, அடிப்பட்டையில் சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழுந்தால் வெளியே போக முடியாது. திரும்பி மேலே நம் கண்ணுக்கு வரும். அடிப்பாகம் சரியான சரிவில் இருந்தால்தான் இது நடக்கும். ரொம்ப ஆழமானால் நடுவில் கறுத்துப்போகும். ரொம்பத் தட்டையானால் ஓரம் உள்ளே பிரதிபலித்து மீன் கண் மாதிரி ஒரு வெளிறிய வளையம் தெரியும். 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இதைக் கணக்குப் போட்டுப் புத்தகமாக எழுதினார். மேல்தட்டு அகலத்தில் 53 சதவீதம், மேல் சரிவு 34.5 டிகிரி, அடிச் சரிவு 40.75 டிகிரி என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் நல்ல கல் இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

தீட்டுகிறவருக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் கல் எடைக்கு விற்கிறது. சரியாகத் தீட்டினால் எடை பொடியாகப் போகும். கோஹினூரையே பாருங்கள். 1851-ல் லண்டன் கண்காட்சியில் வைத்தபோது, இதுவா அந்தக் கல் என்று ஜனங்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 1852-ல் மறுபடி தீட்டினார்கள். 191 காரட் 105.6 ஆயிற்று. அவர்கள் வீட்டுப் பணமா, தைரியமாகத் தீட்டிவிட்டார்கள்!

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோஷம் பார்ப்போம். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைவீதியைச் சொல்லும் இடத்திலேயே வைரத்தின் குற்றங்கள் வந்துவிடுகின்றன. அதில் தப்பில்லை. ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும் புள்ளிக்காக ஆயிரக்கணக்கில் கூடக் கொடுக்கிறோம். எதிர்வரிசை மாமிக்குத் தெரியும் ஜொலிப்பைக் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் பட்டை, அப்புறம் நிறம், கடைசியில்தான் தோஷம். தங்கத்தில் பதிக்கும் கல்லுக்கு நிறம் ஒரு படி குறைந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

சரி, அமெரிக்காவில் பெண், சூரத்திலோ மும்பையிலோ கல், நாம் மைசூரில். என்ன செய்வது? பெரிய ஒற்றைக் கல் என்றால் வழி சுலபம். ஜி.ஐ.ஏ. 2006 முதல் வட்டக் கல்லுக்குப் பட்டைக்கும் தரம் போடுகிறது. "எக்ஸலன்ட்" என்ற வார்த்தையோடு நிற்காதீர்கள். அந்த வகுப்பு கொஞ்சம் அகலமானது. உள்ளே இருக்கும் எண்களைப் பாருங்கள். மொத்த ஆழம் 60-லிருந்து 62 சதவீதம், மேல்தட்டு 54-லிருந்து 58, மேல் சரிவு 34-லிருந்து 35, அடிச் சரிவு 40.6-லிருந்து 41 என்றால் மேற்கொண்டு பேசலாம். அதற்கப்புறம் ஐடியல் ஸ்கோப் படம் கேளுங்கள். சிவப்புப் பிரதிபலிப்பான் வழியாக எடுக்கிற படம். ஒளி திரும்பும் இடம் சிவப்பாக, ஒழுகும் இடம் வெளுப்பாகத் தெரியும். சுழலும் வீடியோவை நம்பவே நம்பாதீர்கள். கடை விளக்கில் கண்ணாடிச் சில்லும் டாலடிக்கும்.

தோடு, மூக்குத்தி விஷயம் வேறு. சின்னக் கற்களுக்குத் தனித்தனியாகச் சான்று கிடைப்பது அபூர்வம். மொத்த நகைக்கு ஒரு சர்டிபிகேட், அதில் பட்டையைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இருக்காது. பின்பக்கம் மூடிப் பதித்துவிட்டால் அடிப்பாகத்தை யாரும் பார்க்கவும் முடியாது. அதனால் கல்லைத் தனியாக வாங்குங்கள், அப்புறம் பதியுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் எடை, குறுக்களவு, உயரம் மூன்றையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உயரத்தைக் குறுக்களவால் வகுத்தால் ஆழச் சதவீதம் வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். 10 சென்ட் என்றால் 3 மில்லிமீட்டர், 25 சென்ட் என்றால் 4.1, ஒரு காரட் என்றால் 6.5 என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கக் கல்லா, ஆய்வுக்கூடக் கல்லா என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் வைரம்தான், ஆனால் விலை மலைக்கும் மடுவுக்கும்.

இன்னொன்று. நம் அகங்களில் வைரம் வாங்கும் முன் ராசி பார்க்கிற வழக்கம் உண்டு இல்லையா? மூன்று நாள் ஆத்தில் வைத்திருந்து, நல்லது கெட்டது பார்த்து, அப்புறம் பணம். என் பிள்ளை இதைக் கேட்டுச் சிரிப்பான். நான் சிரிப்பதை விட்டுவிட்டேன். திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் பாட்டிகள் எவ்வளவு சாமர்த்தியமாக வாங்கி வைத்திருக்கிறார்கள்! தூரத்துக் கடைக்காரரிடமும் இதைக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அந்த நாட்களில் கல்லை ஜன்னல் ஓரம், ட்யூப்லைட் அடியில், விளக்கு முன்னால் என்று மூன்று இடத்தில் பாருங்கள். விளக்கு முன்னால் பார்ப்பதை விடாதீர்கள். பழைய பட்டைக் கற்கள் மேல்பாகம் உயர்ந்து, பட்டைகள் பெரிதாக இருப்பதால் சுடர் வெளிச்சத்தில் பெரிய பெரிய பொறியாகத் தெறிக்கும். அம்மா தோடு பேசியதன் ரகசியம் அதுதான்.

2018-ல் பழைய தோட்டைக் கொடுத்தேன். எவ்வளவு நஷ்டம் என்று சொன்னால் ஆத்துக்காரி இந்தக் கூட்டத்திலேயே எழுந்து நிற்பாள். மறு வருஷம் 14 கல்லைத் தனியாக வரவழைத்தேன். மூன்றை அளந்து பார்த்துத் திருப்பினேன். ஒரு மங்கல் கல் இருந்தால் ஏழும் மங்கிவிடும். அசோகா ரோடு பக்கம் ஒரு ஆசாரி பின்பக்கம் திறந்தாற்போல் பதித்துக் கொடுத்தார். இந்தத் தடவை எடை 2.10 இல்லை, 1.90 தான்.

போன தடவை வந்தபோது சின்னவள் கேட்டாள், "அப்பா, இதை எதில் அலம்பறது?" என்று. எண்ணெய்ப் பிசுக்கு வைரத்தில் சீக்கிரம் ஒட்டும், பின்பக்கம் படிந்தால் எந்தப் பட்டையும் வேலை செய்யாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும் என்றேன். மூடிப் பதித்த பாட்டி தோட்டை மட்டும் தண்ணீரில் ஊறப் போடக் கூடாது. அக்காவுக்கும் அதைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி இருந்தால் காபிக்கு அப்புறம் கேளுங்கள். ஸ்க்ரூ கேஜைக் கொண்டு வந்திருக்கிறேன்.